பழைய ட்ரெக் 4300 பதினாலாயிரத்துக்கு வருது, வாங்கலாமா இல்ல புது எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) எடுக்கலாமா?

சேலம்_ராத்திரிரைடர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் சேலம். இப்போ ஒரு சாதா கியர் சைக்கிள் வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை ஆனா அடிவாரம் வரைக்கும் போயிட்டு வருவேன், போன மாசத்துல இருந்து ஏற்காடு மேல எஸ்டேட் பக்கம் இருக்கற மண்ரோட்டுல ஓட்டணும்னு ஆசை வந்துடுச்சு. கோயம்புத்தூர்ல ஒருத்தர் 2012ல வாங்கின ட்ரெக் 4300 விக்கறார். 26 இன்ச் வீல், முன்னாடி 3 பின்னாடி 8 கியர், கேபிள் டிஸ்க் பிரேக், முன் வீல தாங்கி அதிர்வ வாங்கற சஸ்பென்ஷன் ஃபோர்க். 14,000 கேக்கறார். அதுக்கு மேல கொஞ்சம் போட்டா புதுசாவே 27.5 வீல், 21 கியர் வண்டி ஷோரூம்ல வாங்கிடலாம்னு வீட்டுல சொல்றாங்க. என் வெயிட் 82 கிலோ, உயரம் 5 அடி 8. பழசு வாங்கினா 26 இன்ச் டயர் கிடைக்காம அல்லாடணுமான்னு தான் பயம். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கோவை_கியர்:
டயர் பத்தி பயப்படாதீங்க ப்ரோ. வெளிநாட்டுல தான் 26 இன்ச் வழக்கொழிஞ்சு போச்சு, நம்மூர்ல ஸ்கூல் பசங்க ஓட்டற பாதி வண்டி 26 தான், எந்த ஊர் சைக்கிள் கடைலயும் டியூப் தொங்கும். ஒரே ஒரு விஷயம், டயர் ஓரத்துல இருக்கற நம்பர பாத்து வாங்குங்க. எம்டிபி ரிம் 559, அதாவது 26×1.95, 26×2.10ன்னு புள்ளி வச்சு போட்டிருப்பான். 26×1 3/8ன்னு பின்னத்துல போட்டிருந்தா அது 590, பேரு ஒண்ணா இருந்தாலும் உங்க ரிம்ல நிக்கவே நிக்காது. கடைக்காரரே சில நேரம் மாத்தி குடுத்துடுவார். நல்ல கிரிப் உள்ள டிரெயில் டயர் தான் 26ல ஆன்லைன்ல தேடி எடுக்கணும்.

நீங்க கேக்க வேண்டியது ஃபோர்க். பழைய எம்டிபில மொதல்ல சாகறது அது தான். மேல தெரியற பளபளப்பு குழாய் ரெண்டையும் நகத்தால மேல இருந்து கீழ தடவிப் பாருங்க. லேசா கறை இருந்தா பரவால்ல, துரு பொரிப்பொரியா வந்து நகம் மாட்டுச்சுன்னா அது குழாய் உள்ள போற இடத்துல இருக்கற ரப்பர் சீல அறுத்துடும், அப்புறம் தண்ணியும் மண்ணும் உள்ள போயி மொத்தமா இறுகிடும். அடுத்து முன் பிரேக்க புடிச்சுக்கிட்டு வண்டிய முன்னும் பின்னும் ஆட்டுங்க, லொடக்குன்னு சத்தம் வந்தா ஹெட்செட், அதாவது ஹேண்டில் திரும்பற பேரிங், அதோட கப்பும் ஃபோர்க்கும் சேர்ற இடத்துல ஒரு விரல் வைங்க. அங்க ஆட்டம் தெரிஞ்சா ஹெட்செட் டைட் பண்ணினா போதும். அங்க இல்லாம சீல் பக்கம் ஆடுச்சுன்னா உள்ள புஷ் தேஞ்சிருக்கு, அதுக்கு செலவு பண்றது வேஸ்ட்.

நீலகிரி_டிரெயில்:
நான் இதுக்கு நேர் எதிரா சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பார்ட்ஸ் கிடைக்கறது கிடைக்காதது இருக்கட்டும், அந்த காலத்து ஜியோமெட்ரியே, அதாவது ஃபிரேமோட கோண அளவே வேற. 2012 வாக்குல வந்த வண்டில ஹெட் ஆங்கிள், அதாவது ஃபோர்க் சாஞ்சிருக்கற கோணம், 70, 71 டிகிரி இருக்கும், ஹேண்டில தாங்கற ஸ்டெம் நீளம், ஹேண்டில்பார் குட்டை. ஏறும்போது அருமையா இருக்கும், ஆனா செங்குத்தான மண்பாதைல இறங்கும்போது உங்கள ஹேண்டிலுக்கு மேல தூக்கிப் போடப் பாக்கும். இப்போ வர்ற டிரெயில் ஹார்ட்டெயில் (பின்னாடி சஸ்பென்ஷன் இல்லாத வண்டி) எல்லாம் 66, 67 டிகிரி, ஸ்டெம் 50 மிமீ, ஹேண்டில் 740க்கு மேல. ஒரு தடவை ரெண்டையும் ஒரே இறக்கத்துல ஓட்டினா பழசுக்கு திரும்பவே மாட்டீங்க. 29 வீல் வேற, சின்ன கல்லு வேர் எல்லாம் உருண்டு தாண்டிடும். இன்னும் கொஞ்ச மாசம் காசு சேருங்க, ஹைட்ராலிக் பிரேக்கும் ஒத்த சங்கிலிச்சக்கரமும் இருக்கற புது வண்டியா எடுங்க.

பழைய_இரும்பு:
நீலகிரி அண்ணா சொல்றது அம்பதாயிரம் ரூபாய் வண்டிக்கு முழுக்க சரி. ஆனா தம்பி கேக்கறது அந்த வண்டி இல்லீங்களே, ஷோரூம்ல ஆரம்ப விலைல நிக்கற 21 கியர் வண்டி. அதுல ஜியோமெட்ரியும் பெருசா மாறல, கியர் மட்டும் பின்னோக்கி போயிருக்கும். கணக்கு போட்டு பாருங்க. அந்த ட்ரெக்ல முன்னாடி சின்ன பல்சக்கரம் 22, பின்னாடி பெருசு 32ன்னு இருக்கும், வழக்கமான மூணு எட்டு செட் அது தான். 22ஐ 32ல வகுத்தா 0.69, இந்த நம்பர் கம்மியா இருந்தா ஏத்தத்துல மிதிக்க லேசு. மலிவு 21 கியர் வண்டில நெறைய முன்னாடி 24, பின்னாடி 28 போட்டு தான் வருது, அது 0.86. ஏற்காடு ரோடு 20 கொண்டை ஊசி, 82 கிலோ உடம்ப வச்சுக்கிட்டு அந்த வித்தியாசம் ஒவ்வொரு பெடல்லயும் முட்டில தெரியும்.

இன்னொண்ணு, அந்த 21 கியர் மலிவு வண்டில, அதாவது முன்னாடி 3 பின்னாடி 7, பின்னாடி இருக்கற பல்சக்கர செட்டு ப்ரீவீல், மரை போட்டு ஹப்புல திருகினது. அதுல வலது பக்க பேரிங் ரொம்ப உள்ள தள்ளி இருக்கறதால ஆக்சில் வெளிய அந்தரத்துல நீட்டிக்கிட்டு நிக்கும். கனமானவங்க மண்ரோட்டுல கல்லுல எறக்கி ஓட்டினா ஆக்சில் வளையும், வளைஞ்சதே தெரியாம ஓட்டுவாங்க, ஒரு நாள் உடைஞ்சிடும். 8 ஸ்பீடு வண்டில பல்சக்கர செட்ட சொருகி மாட்டற கேசட் ஹப்புல பேரிங் வெளி ஓரத்துக்கு வந்துடுது, அதனால இந்தப் பிரச்சனை ரொம்ப கம்மி. ஆரம்ப விலை புதுசா, பழைய நல்ல வண்டியான்னு கேட்டா எனக்கு பழைய நல்ல வண்டி தான். அது நல்ல வண்டியா இருக்கணும், அவ்வளவு தான்.

நேர்ல போகும்போது ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுத்துக்கிட்டு போங்க. செயின்ல ஒரு பின்னோட நடுவ பூஜ்யத்துல வைங்க, 12 இன்ச்ல இன்னொரு பின்னோட நடு கரெக்டா நிக்கணும். அரை நூல் (ஒரு நூல்னா இன்ச்ல எட்டுல ஒரு பங்கு) தாண்டியிருந்தா செயின் மாத்தணும். ஒரு நூல் தாண்டிடுச்சுன்னா கேசட்டும் சேர்ந்து போச்சு, புது செயின் போட்டாலும் வழுக்கும். அப்புறம் ஃபிரேம தலைகீழா கவுத்து பெடல் மாட்டற கிராங்குக்கு அடில, ஹெட் டியூபும் கீழ் குழாயும் சேர்ற வெல்டிங்ல முடி மாதிரி கோடு இருக்கான்னு ஈரத்துணியால துடைச்சிட்டு டார்ச் அடிச்சு பாருங்க. அலுமினியம் விரிசல் விட்டா ஒட்ட வச்சு ஓட்டற வேலையே வேண்டாம். சீட்டு கம்பிய மேல கீழ இழுத்து பாருங்க, வருஷக்கணக்கா கிரீஸ் இல்லாம இருந்தா ஃபிரேமோட ஒட்டிக்கும்.

சேலம்_ராத்திரிரைடர்:
அண்ணன்களா ரொம்ப நன்றி. நேத்து பஸ் புடிச்சு போயி பாத்துட்டு வந்தேன். விக்கறவர் நல்ல மனுஷன், அவரே ஒவ்வொண்ணா காட்டினார். ஃபிரேம் சைஸ் 18, நின்னா இடைவெளி போதுமானதா இருக்கு. வெல்டிங்ல எதுவும் தெரியல. செயின் ஒரு நூலுக்கு மேலயே போயிருக்கு. பின் வீல்ல கோட்டம் இருக்கு, டயர் ஃபிரேம்ல உரசற அளவுக்கு இல்ல. ஃபோர்க்ல இடது குழாய்ல ஒரு இடத்துல துரு, நகம் லேசா தட்டுது. அமுக்கினா இறங்குது, மேல வர்றப்போ தான் சோம்பேறியா வருது. 11,500 வரைக்கும் வந்திருக்கார்.

கோவை_கியர்:
துரு எந்த உயரத்துல? கீழ சீலுக்கு ஒட்டினாப்ல இருந்தா ஒவ்வொரு தடவையும் உள்ள போயிட்டு வரும். மேல ரெண்டு குழாயும் சேர்ற கிரவுனுக்கு கிட்டன்னா அவ்வளவு தூரம் போகவே போகாது, மெழுகு தடவி விட்டு காலத்த ஓட்டலாம். சோம்பேறியா வர்றதுக்கு உள்ள கிரீஸ் காஞ்சது காரணமா இருக்கும். கீழ ரெண்டு போல்ட்ட கழட்டி கால இறக்கி, சுத்தம் பண்ணி புது கிரீஸ் வச்சா வேற ஃபோர்க் மாதிரி ஆகிடும்.

சேலம்_ராத்திரிரைடர்:
மேல தான் அண்ணா, கிரவுன்ல இருந்து ஒரு விரக்கடை கீழ.

பழைய_இரும்பு:
அப்போ எடுக்கலாம், ஆனா 11,500 வேண்டாம். 8 ஸ்பீடு செயினும் கேசட்டும் சேர்த்து ரெண்டாயிரம் ரெண்டரையாயிரம் ஆகும், கோட்டம் எடுக்க, பிரேக் பேட், கேபிள்னு இன்னும் கொஞ்சம். இத அவர்கிட்ட அப்படியே கணக்கு சொல்லி 9,500ல நில்லுங்க, பத்துக்கு முடியும். அவர் மனசு நோகற மாதிரி வண்டிய குறை சொல்ல வேண்டாம், தேஞ்ச சாமானுக்கு மட்டும் கழிங்க. புது ஃபோர்க் மாத்திக்கலாம்னு மட்டும் மனக்கணக்கு போடாதீங்க. இப்போ வர்ற நல்ல ஃபோர்க்குகள்ல ஃபிரேமுக்குள்ள போற தண்டு கீழ ஒன்றரை இன்ச்சா விரியும், அந்த ஃபிரேம் நேர் தண்டு, உள்ளயே போகாது. கிராங்குக்கு அடில பொறிச்சிருக்கற சீரியல் நம்பரும் பில்லும் ஒத்துப்போகுதான்னு பாத்துக்கோங்க, பில் தொலைஞ்சு போச்சுன்னா ஒரு வெள்ளைத்தாள்ல நம்பர் போட்டு எழுதி கையெழுத்து வாங்கிடுங்க.

நீலகிரி_டிரெயில்:
சரி, முடிவு பண்ணிட்டீங்க, அப்போ மொதல் செலவு ஹேண்டில். ஸ்டெம்மோட ஹேண்டில் மாட்டற முன் வாய் 31.8 மிமீயா 25.4 மிமீயான்னு அளந்துட்டு 60 மிமீ ஸ்டெம்மும் 720 ஹேண்டிலும் போடுங்க, இறக்கத்துல பாதி பயம் போயிடும்.

ஏற்காடு இறங்கும்போது பிரேக்க லேசா புடிச்ச மேனிக்கே வராதீங்க. கேபிள் டிஸ்க்கோ ரிம் பிரேக்கோ, சூடு ஏற ஏற புடிப்பு குறையும். வளைவுக்கு முன்னாடி ரெண்டையும் நல்லா புடிச்சு வேகத்த கொறைங்க, அப்புறம் விட்டுடுங்க, காத்துல ஆறட்டும். கலிஃபோர்னியால டமால்பைஸ் மலை பக்கம் 1976ல ஆரம்பிச்ச பழைய ரேஸுக்கு ரீபேக்னு பேர் வந்ததே இதனால தான், இறங்கி முடிக்கறதுக்குள்ள பின் ஹப் பிரேக்ல கிரீஸ் உருகி புகையா போயிடும், திரும்ப கிரீஸ் அடைச்சா தான் அடுத்த தடவை ஓட்ட முடியும். டயர்ல காத்த 65 பிஎஸ்ஐ எல்லாம் அடிக்காதீங்க, டியூப் வச்ச 26க்கு உங்க வெயிட்டுக்கு முன்னாடி 35, பின்னாடி 38ல ஆரம்பிச்சு பாருங்க. எஸ்டேட் ரோடு பெரும்பாலும் தனியார் இடம், கேட்ல இருக்கறவர்கிட்ட இறங்கி நின்னு கேட்டுட்டு போங்க, ரிசர்வ் ஃபாரஸ்ட் போர்டு பாத்தா திரும்பிடுங்க.

சேலம்_ராத்திரிரைடர்:
பத்தாயிரத்துக்கு முடிஞ்சுது. பில் இருக்கு, நம்பர் ஒத்துப்போகுது. சனிக்கிழமை பஸ் மேல போட்டு எடுத்துட்டு வர்றேன். கேசட் கழட்டற டூல் சேலத்துல எந்த கடைல இருக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோவை_கியர்:
கடைய தேடாதீங்க, கோயம்புத்தூர்லயே வண்டி எடுக்கற அன்னைக்கு காலைல எங்கிட்ட வாங்க. டூலும் கேசட் சுத்தாம புடிக்கற செயின் விப்பும் இருக்கு, கேசட் மட்டும் 11-32 வாங்கிட்டு வந்துடுங்க, மாத்திட்டு ஃபோர்க்குக்கும் கிரீஸ் வச்சு அனுப்பறேன். இன்பாக்ஸ்ல மெசேஜ் போடுங்க.