காரில் ஏறினாலே எச்சில் வடிக்கும் பூனை: 5 மணி நேரப் பயணத்துக்குப் பழக்க முடியுமா?

தேன்மொழி:
மூணு வயசுப் பெண் பூனை, கருத்தடை ஆனது, 4 கிலோ. கேரியரை (பூனையைத் தூக்கிட்டுப் போற கூண்டுப்பெட்டி) பார்த்தாலே கட்டிலுக்கு அடியில ஓடிடும். கார் கிளம்பினதும் எச்சில் வடியும், நிக்கிற வரைக்கும் ஒரே கத்தல், சில நேரம் வாந்தி. அடுத்த மாசம் வீடு மாறுறோம், 5 மணி நேர ஓட்டம். மயக்க மருந்து கொடுத்துக் கூட்டிட்டுப் போறதுதான் வழியா?

சாம்பல்வால்:
ஒரு மாசம் இருக்கே, பழக்கலாங்க. இதுல ரெண்டு பிரச்சினை கலந்திருக்கு. கேரியரைக் கண்டு ஓடுறது பயம். எச்சிலும் வாந்தியும் பெரும்பாலும் வண்டி ஆட்டத்துல வர்ற குமட்டல். பயத்துக்குப் பழக்கம், குமட்டலுக்கு மருந்து.

கேரியரை இன்னைக்கே வெளிய எடுத்து வைங்க, திரும்ப உள்ள வைக்காதீங்க. மேல்மூடியைக் கழட்டிட்டு, அடித்தட்டுல அது படுக்கிற துணியைப் போட்டு, சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பக்கத்துல வைங்க. அப்புறம் கிண்ணம் உள்ள போகட்டும். தயங்காம உள்ள போய்ச் சாப்பிட ஆரம்பிச்சதும் மேல்மூடியைத் திரும்ப மாட்டுங்க, அதுக்கப்புறம் கதவு. சாப்பிடும்போது கதவைச் சாத்தி, முடிக்கிறதுக்கு முன்னாடியே திறந்துடணும். பிறகு தூக்கிட்டு நாலடி நடங்க. அடுத்து எஞ்சின் அணைச்ச கார், எஞ்சின் ஓடுற கார், கடைசியா தெருவை ஒரு சுத்து.

எந்தப் படியில தீனியைத் தொட மறுக்குதோ, அதுக்கு முந்தின படிக்குத் திரும்பிடுங்க. கதவு சாத்தப் பழகின அன்னைக்கே காருக்குக் கொண்டுபோறவங்கதான் அதிகம்; அதுவரை செஞ்சது அத்தனையும் வீணாப்போகும். பழைய கேரியர்ல மூத்திர வாடை இருந்தா என்சைம் கிளீனர்ல கழுவுங்க. அப்பவும் கிட்டப் போகலைன்னா, வேற வடிவத்துல, மேலயும் திறக்கிற மாதிரி ஒண்ணு வாங்கிடுங்க.

மருந்துப்பெட்டி:
மருந்தைத் தவிர்த்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் உங்களுக்குத் தேவை பயத்தைக் குறைக்கும் மருந்து, மயக்கும் மருந்து அல்ல. அசிப்ரோமசின் என்ற மயக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்பு அசையாது, பயம் உள்ளே அப்படியே இருக்கும். ரத்த அழுத்தமும் இறங்கும்.

வழக்கமாகக் கொடுப்பது கபாபென்டின். ஒரு பூனைக்கு 50 முதல் 100 மி.கி., கிளம்ப 2–3 மணி நேரம் முன்பு. கேப்ஸ்யூலைப் பிரித்து ஒரு ஸ்பூன் ஈர உணவில் கலந்துவிடலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும். எடை பார்த்து கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பயணத்துக்குச் சில நாள் முன்பே வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். நடை தள்ளாடும், அன்று உயரத்தில் ஏறவிடாதீர்கள். பூனைகளின் பயணப் பயத்துக்கென்றே அமெரிக்காவில் 2023-ல் அனுமதி பெற்ற பிரிகாபலின் திரவமும் உண்டு. அதைக் கொடுப்பது சுமார் ஒன்றரை மணி நேரம் முன்பு. குமட்டலுக்கு மாரோபிடன்ட் கேளுங்கள்.

வீட்டிலிருக்கும் மனித மருந்து எதையும் தொடாதீர்கள். பாரசிட்டமால் பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

கியர்பாக்ஸ்:
கார் பக்கம் நான் சொல்றேன். முன் சீட்டுக்குப் பின்னால தரையில, ஆடாம இறுக்கமா உட்கார்ற மாதிரி கேரியரை வைங்க. சீட் மேல வச்சு கைப்பிடி வழியா பெல்ட்டை மாட்டுறது பாதுகாப்பில்ல, மோதினா கைப்பிடி பிய்ஞ்சுடும். மூணு பக்கம் மெல்லிய துண்டு போட்டு மூடி, ஒரு பக்கம் காத்துக்கு விடுங்க. தூக்கும்போது ரெண்டு கையால அடியில பிடிங்க, தொங்கவிட்டா உள்ள ஊஞ்சல்தான்.

கார்ல மாட்டியிருக்கிற வாசனைப் பொருளை முந்தின நாளே எடுத்துடுங்க. பூனை மூக்குக்கு அதுவே தண்டனை. ஃபெரோமோன் ஸ்ப்ரே (பூனையை அமைதிப்படுத்துற வாசனைத் தெளிப்பு) அடிச்சா, ஆல்கஹால் வாடை போக 15 நிமிஷம் விட்டு அப்புறம் பூனையை ஏத்துங்க. உறிஞ்சும் பேடை ரெண்டு அடுக்கா விரிச்சா, நனைஞ்ச மேலடுக்கை மட்டும் உருவிக்கலாம். அதையும் வண்டியை நிறுத்தி, எல்லாக் கதவும் கண்ணாடியும் மூடினபிறகுதான்.

தேன்மொழி:
ரொம்ப நன்றி. கத்தும்போது மடியில எடுத்து வச்சுக்கலாமா? சாப்பாடு எப்போ நிறுத்தணும்?

சாம்பல்வால்:
மடியில வேணாங்க. மிரண்டா நேரா பிரேக் பெடலுக்கு அடியில போய் நுழையும். கத்துறதால மட்டும் ஆபத்தில்ல. தாழ்ந்த குரல்ல பேசுங்க, போதும். வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சு வாங்கினா விஷயம் வேற: வண்டியை நிறுத்தி, உள்ள குளிர்ச்சியாக்கி, சில நிமிஷத்துல அடங்கலைன்னா டாக்டர்கிட்ட போயிடுங்க.

கடைசிச் சாப்பாடு கிளம்ப 4–6 மணி நேரம் முன்னாடி, கொஞ்சமா. தண்ணியை நிறுத்தாதீங்க. மருந்துக்கான அந்த ஒரு ஸ்பூன் பரவாயில்ல.

மருந்துப்பெட்டி:
புது வீட்டில் முதலில் ஒரே அறை போதும்: மணல் தட்டு, தண்ணீர், துவைக்காத பழைய துணி, கதவு திறந்த கேரியர். அதுவாக வெளியே வரட்டும். ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடாவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கும்.