பிள்ளை வாயைத் திறக்காவிட்டால் எதை எழுதிக்கொள்வீர்கள்? பள்ளிகளில் கள ஆய்வு செய்தவர்களின் அனுபவங்கள்

மொழியியல் ஆய்வு மாணவி:

பள்ளிப் பிள்ளைகளிடம் தரவு எடுக்கப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். முதலில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

என் ஆய்வு மொழியியலுக்கும் புவியியலுக்கும் நடுவில் நிற்பது. பிள்ளைகள் ஒருவருக்கு வழி சொல்லும்போது எதைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள், இடது வலது என்றா, கிழக்கு மேற்கு என்றா, இல்லை கண்ணில் படுகிற மரம், கட்டடம், மேடு பள்ளம் இவற்றை வைத்தா என்பதுதான் கேள்வி. பள்ளியில் எங்களுக்குக் கொடுத்த இடம் தலைமை ஆசிரியர் அறை. ஒரு மேசை, ஒலிப்பதிவுக் கருவி, எதிரே குழந்தை, ஓரத்தில் வகுப்பாசிரியர். "வீட்டிலிருந்து பள்ளிக்கு எப்படி வருவாய்?" என்றால் "நடந்து வருவேன்." "வழி சொல்லேன்." "நேரா வருவேன்." அவ்வளவுதான். ஆசிரியர் முகத்தை ஒரு பார்வை, என் முகத்தை ஒரு பார்வை. பேசிய ஒன்றிரண்டு பிள்ளைகளும் "என் பள்ளி என் வீட்டிற்கு அருகில் அமைந்துள்ளது" என்று கட்டுரை ஒப்பிப்பது போலப் பேசினார்கள்.

அப்புறம் அனுமதி கேட்டு மைதான ஓரத்துக்கு மாறினோம். தரையில் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து, ஒருவன் தன் வீட்டுக்கு வழி சொல்ல வேண்டும், அந்த வீட்டுக்குப் போயிராத மற்றவன் கேட்டு வரைய வேண்டும் என்று விட்டுவிட்டு நான் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். அறையில் "நேரா வருவேன்" என்று மட்டும் சொன்ன அதே பையன், "அந்த மரம் இல்லடா, அதுக்கு அந்தப் பக்கம் சரிவா இறங்குமே, அங்க" என்று நண்பனைத் திருத்தித் திருத்தி நிற்காமல் பேசினான். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தத் திருத்தங்களில்தான் இருந்தது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் செய்த ஆய்வுதான் ஞாபகம் வரும். கறுப்பினப் பிள்ளைகளுக்குப் போதுமான மொழியே இல்லை என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர்கள் சிலர் எழுதிக்கொண்டிருந்த காலம். எட்டு வயதுப் பையன் ஒருவன் நேர்காணலில் ஒற்றைச் சொல்லில்தான் பதில் சொன்னான், கேட்டவர் அதே சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தும். அடுத்த முறை அதே நேர்காணலாளர் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலங்களோடு வந்து, பையனின் நெருங்கிய நண்பனையும் கூட்டி வந்து, தரையில் உட்கார்ந்து பேச்சைத் தொடங்கினார். பையன்கள் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துக்கொண்டு பேசினார்கள். லபோவ் 1969-இல் இதை எழுதினார். மாறியது குழந்தையின் மொழித்திறன் இல்லை, அந்த அறையில் யார் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான்.

அதனால் என் கருத்து இது: பதிவில் ஒரு பிள்ளை பேசாமல் இருந்தால் அது அந்த அறையைப் பற்றிய தரவு. அதைப் பிள்ளையின் மதிப்பெண்ணாக எழுதக் கூடாது. உங்கள் அனுபவம் எப்படி?

பள்ளி ஆசிரியர்:

நான் அந்த ஓரத்து நாற்காலியில் உட்காருகிறவள், அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் இருந்தால் பிள்ளை அடங்கிப் பேசும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எங்களை வெளியே அனுப்பிவிட்டு ஆய்வு செய்தவர்கள், அன்று பேசாத பெண் முந்தின நாள் வரை காய்ச்சலில் கிடந்தவள் என்பதையும், ஜோடியாக உட்கார வைத்த இருவரும் ஒரு வாரமாகப் பேசிக்கொள்ளவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளாமலே போனார்கள். யாருக்கு யார் சிநேகம் என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

ஆய்வு உலகம் ஆசிரியர்களை ரொம்ப காலமாகவே பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறது. ஜெர்மனியில் கியோர்க் வெங்கர் என்ற மொழியியலாளர் 1876-இல் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தபால் அனுப்பி, பொது ஜெர்மனில் இருந்த சின்னச் சின்ன வாக்கியங்களை அந்தந்த ஊர்ப் பேச்சில் எழுதித் தரச் சொன்னார். பிறகு அது 40 வாக்கியங்கள் என்று நிலைத்தது. 40,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்து பதில் வந்தது. ஒலிப்பதிவு வசதி இல்லாத காலத்தில், ஒலிக்குறியீடு எதுவும் படித்திராத ஆசிரியர்கள் தங்களுக்குத் தெரிந்த எழுத்தில், பல இடங்களில் பிள்ளைகளையே கேட்டு எழுதி அனுப்பிய தாள்கள் அவை. வட்டார வழக்கு வரைபடம் என்ற துறையே அதன் மேல்தான் எழுந்தது.

என் மனக்குறை ஒன்றே ஒன்று. வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டு கேள்வித்தாள் நிரப்ப வைக்கிறார்கள், ஒப்புதல் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வாங்கித் தரச் சொல்கிறார்கள், அதையெல்லாம் செய்கிறோம். முடிவு என்ன என்று ஒருவரும் திரும்பி வந்து சொன்னதில்லை. ஆய்வேட்டை அனுப்ப வேண்டாம், இந்தப் பிள்ளைகள் இப்படிப் பேசுகிறார்கள், பாடத்தில் இந்த இடத்தில் சிக்குகிறார்கள் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தால் அடுத்த நாளே வகுப்பில் பயன்படுத்துவேன்.

புவியியல் ஆய்வாளர்:

டீச்சர் சொன்னது நியாயம். எங்கள் துறையிலும் இதே கதைதான். பிள்ளைகளிடம் வெள்ளைத்தாள் கொடுத்து "உன் ஊரை வரை" என்று சொல்லி, அந்த வரைபடத்தை வைத்து இடஞ்சார்ந்த அறிவை அளப்பது பழைய வழக்கம். அதில் பாதி அளக்கப்படுவது வரையும் கைத்திறன்தான். பென்சில் பிடிக்கத் தயங்குகிற பிள்ளைக்கு ஊரே தெரியாது என்று முடிவாகிவிடும். அதே பிள்ளையோடு கூட நடந்து போனால், எந்தச் சுவரில் எங்கே இடைவெளி இருக்கிறது, எங்கே தண்ணீர் தேங்கும், எந்த வீட்டு நாய் விரட்டும் என்று அது சொல்லச் சொல்ல நம் வரைபடம் வெறுமையாகத் தெரியும்.

ரோஜர் ஹார்ட் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சிறு ஊரின் பிள்ளைகளோடு நீண்ட காலம் சுற்றித் திரிந்து செய்த ஆய்வு 1979-இல் வெளிவந்தது. பையன்களுக்கு வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் வரை போக அனுமதி, பெண்பிள்ளைகளுக்கு எவ்வளவு என்பதையும் அவர் பார்த்தார், பையன்களின் எல்லை பெரிது. இது வழி சொல்லும் ஆய்வுக்கும் முக்கியம். போகவே விடாத இடத்துக்கு ஒரு சிறுமி எப்படி வழி சொல்வாள்?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கூட நடக்கும்போது ஜிபிஎஸ் தடத்தைப் பதிவு செய்தால் அதன் ஒரு முனை குழந்தையின் வீடு. திறந்த வெளியில் சாதாரண கைபேசியே சில மீட்டர் பிழைக்குள் இடத்தைக் காட்டிவிடும், பெயரை மட்டும் மறைத்துப் பயனில்லை. வீட்டுப் பக்கத்துத் தடத்தை வெட்டிவிட்ட பிறகே நாங்கள் பதிவுக் கோப்பை யாருக்கும் கொடுப்போம்.

கல்வியியல் ஆய்வு மாணவர்:

எல்லாம் சரி, ஆனால் ஒரு பிள்ளை மைதானத்தில், ஒரு பிள்ளை நடந்துகொண்டே, ஒரு பிள்ளை நண்பனோடு என்று பதிவு செய்தால் எதை எதோடு ஒப்பிடுவது? பிரான்சில் வட்டார வழக்கு வரைபடத்துக்காக எட்மோன்ட் என்பவர் 1897 முதல் 1901 வரை சைக்கிளில் 639 ஊர்களுக்குப் போய் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே காதால் கேட்டு எழுதினாரே, அந்த வலு நமக்கும் வேண்டாமா? என் கைடு இதைத்தான் முதலில் கேட்பார்.

மொழியியல் ஆய்வு மாணவி:

நல்ல கேள்வி. எட்மோன்டின் பலம் அந்த ஒரே காதுதான், ஆனால் பெரும்பாலான ஊர்களில் அவர் கேட்டது ஒருவரிடம் மட்டுமே, வந்த முதல் பதிலையே எழுதினார். ஒப்பிட வேண்டும் என்றால் சூழலை விலக்க வேண்டாம், சூழலையும் மாற்றி மாற்றிப் பதிவு செய்யலாம். லபோவ் 1962-இல் நியூயார்க்கின் மூன்று பல்பொருள் அங்காடிகளில் ஊழியர்களிடம் வழி கேட்பது போலக் கேட்டார், பதில் "நான்காம் மாடி" (fourth floor) என்று வரும்படி. அதில் r ஒலியைச் சொல்கிறார்களா என்று பார்க்கத்தான். உடனே காதில் விழாதது போல மறுபடி கேட்டார். ஒரே ஆளிடம் அசட்டையாக ஒரு பதில், அழுத்தமாக ஒரு பதில். 264 பேரிடம் இப்படி வாங்கினார். ஆளிடம் சொல்லாமல் எடுப்பதை இப்போது ஆய்வு நெறிமுறைக் குழு அப்படியே விடாது, ஆனால் இரண்டு சூழலை ஒரே ஆளிடம் எடுக்கும் யோசனை நமக்கு உதவும். நான் இப்போது ஒவ்வொரு பிள்ளையையும் ஆசிரியர் இருக்கும் அறையில் ஒரு முறை, நண்பனோடு ஒரு முறை பதிவு செய்கிறேன். இரண்டுக்கும் உள்ள இடைவெளியையே ஒரு மாறியாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் செய்கிறேன். ஒலிப்பதிவோடு நேரப்படி குறிப்பு எழுத உதவும் எலான் (ELAN) மென்பொருளில் பேச்சுக்கு ஒரு வரி போல, அருகில் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கும் தனி வரி போடுகிறேன். மௌனத்தையும் வெற்றிடமாக விடாமல் நேரத்தோடு குறிக்கிறேன். ஆஸ்திரேலியாவின் கூகு இமிதிர் மொழிக்காரர்கள் மரபாக இடது வலது சொல்லாமல் திசைகளை வைத்தே எல்லா இடத்தையும் சொல்பவர்கள். அப்படி வளர்ந்த குழந்தையிடம் இடது வலது தேர்வை நீட்டினால் அந்த மௌனத்துக்கு எத்தனை அர்த்தம் இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

டீச்சர், அந்த இரண்டு பக்க அறிக்கையை என் பள்ளிக்கு இந்தப் பருவத்திலேயே எழுதித் தருகிறேன். அதில் உங்களைப் போன்றவர்களுக்கு என்னென்ன தகவல் இருந்தால் பயன்படும் என்று இங்கேயே சொல்லுங்கள், அதை வைத்தே எழுதுகிறேன்.

பள்ளி ஆசிரியர்:

எந்தப் பிள்ளை அறையில் பேசாமல் மைதானத்தில் பேசியது என்ற பட்டியலை எங்களிடம் தராதீர்கள், அது பிள்ளையிடம் நீங்கள் கொடுத்த வாக்கை மீறுவதாகும். வகுப்பில் எத்தனை பேர் அப்படி என்ற எண்ணிக்கை போதும். வழி சொல்லும் பாடத்தை எந்தப் பயிற்சியில் தொடங்கலாம் என்று ஒன்றிரண்டு யோசனையும் இருந்தால் நல்லது. மைதானத்து ஜோடி விளையாட்டை நானே நாளை முயன்று பார்க்கிறேன்.