செந்தூல் நாலாம் மாடி வாட்ஸ்அப் குழு: அப்பாவின் தோட்ட வரலாற்று நூல்

தேவி: வணக்கம். அப்பாவோட தோட்ட வரலாறு எழுதி முடிஞ்சிருச்சு. அடுத்த மாசமே வெளியீடு வைக்கணுங்கிறார். கோலாலம்பூர் விஸ்மா துன் சம்பந்தன்ல டான்ஸ்ரீ சோமா அரங்கம் கேக்கலாமா?

மணியம்: அவசரப்படாதம்மா. புத்தகப் பெட்டி வீட்டுக்கு வந்தப்புறம் மண்டபம் பாத்துக்கலாம். எதை வச்சு எழுதினார்?

தேவி: பழைய ஆளுங்க பேட்டிதான் மாமா. எல்லாம் ரெக்கார்டு இருக்கு.

மணியம்: பேட்டி மட்டும் நிக்காது. பெருசுங்க கணக்கு "ஜப்பான்காரனுக்கு முன்ன, பின்ன"தான். "1946ல கங்காணி கூட்டியாந்தான்"னு ஒருத்தர் சொன்னா அங்கேயே நிறுத்தி விசாரிக்கணும். கங்காணிங்க ஊர்லருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்க்கறதை 1938லயே இந்திய அரசு தடை பண்ணிருச்சு. ஒன்னு வருஷம் தப்பு, இல்ல சொந்தக் காசுல கப்பல் ஏறியிருக்கார்.

தேவி: அதை எங்க சரிபாக்கறது?

கலா: சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம். வீட்லருந்தே பாக்கலாம், தமிழ் முரசு பழைய இதழும் இருக்கு. பழைய அரசாங்கக் கோப்புக்கு ஆர்க்கிப் நெகாரா, அதான் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம். ஆனா நம்மாளுங்க கூப்பிட்ட தோட்டப் பேர்ல தேடினா ஒன்னும் சிக்காது, கம்பெனிப் பேர் வேணும். 1972க்கு முன்னாடி மலாய் எழுத்துக்கூட்டலும் வேற, ரெண்டு விதமாவும் அடிச்சுப் பாரு. கிடைச்ச உடனே தேதி, பக்கம், கோப்பு எண் குறிச்சுக்கணும். பேட்டின்னா எத்தனையாவது நிமிஷம்னு.

சுகு: படங்களை வாட்ஸ்அப்ல போட்டோவா வாங்காதீங்கக்கா, சுருங்கிரும். டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க. அச்சு அளவுல 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வேணும். படம் யாருதோ அவங்க எழுத்து அனுமதியும் வாங்கிருங்க.

தேவி: பக்க வடிவமைப்புக்கு ஒரு தம்பி இருக்கான். இன்டிசைன்ல பண்றானாம்.

சுகு: அதுல தமிழ் எழுத்து சரியா சேர்றதுக்கான வேர்ல்ட்-ரெடி கம்போசர் அமைப்பைப் போட்டிருக்கானா கேளுங்க. இல்லன்னா "கொ", "கோ"வுல கொம்பு இடம் மாறி நிக்கும். தட்டு வச்சு அடிக்கிற ஆஃப்செட் அச்சுன்னா மொத்தப் பக்கம் 16ஆல வகுபடட்டும். சொல்லடைவு, புத்தக முதுகு அகலம் ரெண்டும் பக்கம் உறுதியான பிறகு. முந்நூறு பிரதிக்குக் கீழன்னா டிஜிட்டல் அச்சே போதும்.

கலா: புத்தகத்துக்கான ஐஎஸ்பிஎன் எண்ணை அச்சுக்கு முன்னாலேயே பெர்புஸ்தகான் நெகாரா, அதான் மலேசியத் தேசிய நூலகத்துல வாங்கிடு, இலவசம். அச்சகம், வெளியீட்டாளர் பேரும் முகவரியும் உள்ளே இருக்கணும், 1984 அச்சகச் சட்டம். தமிழ்ல மட்டும் போடாத, மலாய்லயோ இங்கிலீஷ்லயோ போடு.

தேவி: சரிக்கா. வெளியீட்டன்னிக்கு?

மணியம்: தைப்பூசம், தீபாவளி ஒட்டின வாரம் வேணாம். நூலாய்வு பண்றவருக்கு மூனு வாரம் முன்னாடியே பிரதி போகணும். இல்லன்னா அட்டையைப் பாத்தே அரை மணி நேரம் பேசுவார். ஆய்வாளர் ஒருத்தர் போதும், முதல் நூல் பெறுறவரை முன்கூட்டியே பேசி வச்சிரு. பொன்னாடைய குறைங்க, அதுவே நேரத்தைத் தின்னுரும். விற்பனை மேசை வாசல் பக்கம். சில்லறை, க்யூஆர், வந்தவங்க பேர் எழுத நோட்டு, எல்லாம் அங்கேயே.

கலா: தேவி, பெட்டி பிரிச்சதும் 5 பிரதி தனியா எடுத்து வை. நூல் வெளியான ஒரு மாசத்துக்குள்ள பெர்புஸ்தகான் நெகாராவுக்குக் குடுக்கணும், 1986 சட்டம். மேசைக்குப் போனா வித்துப் போயிரும்.