கத்தோலிக்கக் கோயில் பங்கில் எந்தக் குழுவில் சேரலாம்? (அரிசி விவகாரம்)

கச்சான்:
சோழகம் தம்பி நேற்று ஒரு பதிவு போட்டிருந்தார். பங்கில் எந்தக் குழுவில் சேர்ந்தாலும் எல்லாம் ஒன்றுதானாம். வீடு வீடாகப் போய்ச் செபிக்கிற மரியாயின் சேனையில் சேர்ந்த இரண்டே மாதத்தில் ஒரு வீட்டுக்கு அஞ்சு கிலோ அரிசி கொடுத்துவிட்டாராம், இளைஞர்களே வாருங்களாம். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சேனைக்காரர் அரிசி கொடுக்கக் கூடாது. அவர்களுடைய கைநூலிலேயே இருக்கிறது: பொருளுதவி சின்ன அளவில்கூடக் கூடாது, பழைய துணியும் அதில் சேர்த்தி. நான் பல வருடமாக, ஏழைகளுக்குப் பொருளுதவி செய்கிற வின்சென்ட் தே பவுல் சபையில் இருக்கிறேன். அரிசி எங்கள் வேலை.

சோழகம்:
அண்ணே, பசித்த வீட்டுக்கு அரிசி கொடுத்ததற்கா இவ்வளவு கோபம்? அந்தப் பாட்டி கஞ்சி காய்ச்சும்போது இது சபை அரிசியா சேனை அரிசியா என்று மோந்து பார்த்தாரா?

கச்சான்:
பாட்டி பார்க்க வேண்டாம், நீ பார்க்க வேண்டும். இன்னொன்று. இரண்டு மாதம் என்று நீயே எழுதியிருக்கிறாய். சேனையில் குறைந்தது மூன்று மாதம் தகுதிகாண் காலம். அதற்குப் பிறகுதான் உறுதிமொழி. ஆக நீ இன்னும் சேனைக்காரனே இல்லை. சேனைக்காரன் இல்லாதவன், சேனை பேரில், சேனை செய்யக் கூடாததைச் செய்திருக்கிறாய்.

சோழகம்:
சேனைக்காரன் இல்லை என்றால் அரிசி கொடுத்தது தப்பே இல்லையே அண்ணே. நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். நன்றி.

கச்சான்:
எகத்தாளம் வேண்டாம்.

கொண்டல்:
விவரம் தெரியாமல் இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறீர்கள். மரியாயின் சேனை 1921 செப்டம்பர் 7 அன்று டப்ளின் நகரில் தொடங்கியது. தொடங்கிய பிராங்க் டஃப் அதற்கு முன்பே வின்சென்ட் சபை உறுப்பினர். பொருளுதவிக்கு ஏற்கெனவே ஒரு சபை இருக்கிறது என்று தெரிந்தவர். சேனைக்காரர் வீடு சந்திக்கப் போவது பேசவும் செபிக்கவும். கையில் பையோடு போனால் அடுத்த வாரம் வீட்டுக்காரர் ஆளைப் பார்க்க மாட்டார், பையைத்தான் பார்ப்பார். கஷ்டம் தெரிந்தால் உதவுகிற சபைக்குச் சொல்லிவிட வேண்டும்.

கச்சான்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். எங்களிடம் சொன்னானா? சொல்லவில்லை.

சோழகம்:
சொன்னேன் அண்ணே. "அடுத்த வாரக் கூட்டத்தில் வைத்துப் பேசலாம்" என்றீர்கள். அடுத்த வாரம் கூட்டமே நடக்கவில்லை. அப்புறம், டஃப் இரண்டிலும் இருந்திருக்கிறார் என்று கொண்டல் சொல்கிறாரே, நான் இருந்தால் மட்டும் குற்றமா?

கச்சான்:
அந்த வாரம் என் மச்சான் வீட்டில் துக்கம். ஊருக்கே தெரியும். அதை இங்கே இழுக்கிறாய் பார், அங்கேதான் உன் வளர்ப்பு தெரிகிறது.

பாசிக்காரி:
அண்ணன்மார்களே, எந்தக் குழுவில் சேரலாம் என்பதுதானே பேச்சு? அன்பியக் கூட்டம், அதுதான் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கிற கூட்டம், இரவு ஏழு மணிக்கு வைக்கிறீர்கள். பாசி எடுக்கப் போகிற பெண்கள் விடியலில் கடலில் இறங்கி, வெயிலில் பாசியைக் காய வைத்து, வீட்டு வேலையும் முடித்துவிட்டு உட்காரும் நேரம் அது. எந்தக் குழுவிலும் பேர் இல்லாமல் சனிக்கிழமை கோயில் கூட்டிப் பெருக்குகிறவர்களும் அவர்கள்தான். அறிவிப்புப் பலகையில் ஒரு பெண் பேர் உண்டா?

கச்சான்:
தங்கச்சி, உங்கள் சேவைக்கு மரியாதை உண்டு. ஆனால் இங்கே பேச்சு அரிசி.

பாசிக்காரி:
போன வருடம் நீங்கள் கொடுத்த அரிசியை மூட்டை மூட்டையாக உட்கார்ந்து புடைத்தது நாங்கள். அதையும் எழுதுங்கள்.

துபாய்க் கடலோடி:
நான் ஊரில் இருந்த காலத்தில் இளையோர் இயக்கம் என்றால் கடற்கரையே அதிரும். இப்போது எல்லாம் போச்சு. பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாங்கிக் கொடுத்தேன், இன்று யார் வாசிக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

வாடை:
யாரும் வாசிக்கவில்லை. உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். உங்கள் பேர் ஒட்டின ஸ்டிக்கர் மட்டும் வெளியே தெரிகிறது, கவலைப்படாதீர்கள்.

துபாய்க் கடலோடி:
ஸ்டிக்கர் நான் கேட்கவில்லை. பேரவைதான் ஒட்டியது.

வாடை:
பேரவையைச் சொல்லாதீர்கள். திருச்சபைச் சட்டம் 536 படி பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்கிற உரிமைதான். முடிவு பங்குத்தந்தையுடையது. எங்கள் பேரவைக்காரர் சிலருக்கு மட்டும் பாம்பன் பாலத்தையே தாங்கள்தான் தூக்கி நிறுத்தியிருப்பதாக நினைப்பு.

கச்சான்:
நான் பேரவையிலும் இருக்கிறேன். யாரைச் சொல்கிறாய் என்று புரிகிறது. கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாப் படகுக்குப் பேர் எழுதும்போது மட்டும் முதல் ஆளாக வந்து நிற்கிறவர்கள் பேரவையைப் பற்றிப் பேச வேண்டாம்.

வாடை:
நான் ஒரே ஒரு தடவைதான் போனேன். நீங்கள் எத்தனை தடவை போனீர்கள் என்று எண்ணட்டுமா?

சோழகம்:
அரிசிக்கு வாருங்கள் அண்ணே. இங்கே இளைஞர் ஏன் சேருவதில்லை தெரியுமா? எங்கள் விசைப்படகு திங்கள், புதன், சனி போகிறது. சனி போனவன் ஞாயிறு காலை கரையேறி, மீனை இறக்கி, வலை ஒதுக்கி, உப்பு காய்ந்த உடம்போடு கோயிலுக்கு வந்தால் பூசை பாதி முடிந்திருக்கும். அவனைப் பார்த்து "ஈடுபாடு இல்லை" என்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அந்த 61 நாளும் எல்லாக் குழுவிலும் நாங்கள்தான் நிற்கிறோம். உங்கள் வின்சென்ட் சபையைத் தொடங்கியபோது ஓசானாமுக்கு வயது 20. 1833, பாரீஸ், கல்லூரி மாணவர். நம் பங்கில் 20 வயதுக்காரன் நாற்காலி அடுக்கத்தான் லாயக்கு.

கச்சான்:
ஓசானாமை எனக்கே சொல்லித் தருகிறாயா? 1997-ல் அவருக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி) கொடுத்தபோது நம் கிளையில் நன்றிப் பூசைக்கு ஏற்பாடு செய்ய ஓடியாடியது யார் என்று உன் அப்பாவிடம் கேள். நாற்காலியும் நான்தான் அடுக்கினேன். ஓசானாம் அரிசி கொடுத்தார் என்றால் அவர் வின்சென்ட் சபை. நீ கொடுத்தது சேனை. வித்தியாசம் புரிகிறதா இல்லையா?

கொண்டல்:
ஓசானாமும் நண்பர்களும் முதலில் கொண்டுபோய்க் கொடுத்தது விறகு.

கச்சான்:
சரி, விறகு. அரிசியோ விறகோ, சேனைக்காரர் கொடுக்கக் கூடாது.

பாசிக்காரி:
அந்தப் பாட்டி வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றி யாராவது பேசுவீர்களா?

கச்சான்:
கூரை தனி விஷயம் தங்கச்சி. அதற்கு விண்ணப்பம் எழுதித் தர வேண்டும், கூட்டத்தில் வைக்க வேண்டும்.

வாடை:
அடுத்த வாரக் கூட்டத்திலா?

கச்சான்:
உனக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. சோழகம், நேராக ஒரு கேள்வி. அந்த அஞ்சு கிலோ அரிசி யார் காசு? சேனைக் காணிக்கைப் பையிலிருந்து எடுத்ததா? அப்படி இருந்தால் நான் பங்குச் சாமியிடம் போவேன்.

சோழகம்:
படகில் எனக்கு வந்த பங்குக் காசு. இறால் விற்றது. நாளை சனி, விடியலில் படகு. ஞாயிறு காலை கரைக்கு வந்து மீதி பேசிக்கொள்ளலாம்.

கச்சான்:
ஓடாதே. சொந்தக் காசு என்றால் சேனை பேரை ஏன் போட்டாய்?

கச்சான்:
பதில் இல்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

கச்சான்:
கைநூலில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து நாளை போடுகிறேன். பழைய துணி என்று தெளிவாக இருக்கிறது.