50 மீட்டர் பயிற்சிக்குக் கட்டுப்படியாகிற .22 தோட்டா எது?

கருநீலம்:
வணக்கம். நான் சுடுவது .22 எல்ஆர், ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டு அடிக்கிற போல்ட் ஆக்‌ஷன் டார்கெட் ரைபிள். 50 மீட்டர், இப்போதைக்குப் படுத்த நிலை மட்டும். இதுவரை கிளப்பில் கொடுத்த தோட்டாவை அடித்துக்கொண்டிருந்தேன். இனிமேல் தோட்டா என் கைக்காசு.

பயிற்சியாளர், "நல்ல தோட்டா போட்டு அடி, அப்பதான் தப்பு உன்னோடதா தோட்டாவோடதான்னு தெரியும்" என்கிறார். அவர் சொல்வது ஈலி டெனெக்ஸ் என்ற போட்டித் தோட்டா. விலையைப் பார்த்தால் வாரத்துக்கு ஒரு பெட்டிகூட அடிக்க முடியாது. பக்கத்து லேனில் சுடுகிற நண்பர், டப்பாவில் நூற்றுக்கணக்கில் கொட்டி விற்கிற ஹை வெலாசிட்டி தோட்டாவை வாங்கச் சொல்கிறார். "பழகறதுக்கு எதுவா இருந்தா என்ன" என்பது அவர் கட்சி.

10 தோட்டா அடித்தால் என் குரூப், அதாவது ஓட்டைகள் சிதறி விழும் அகலம், சுமார் 40 மி.மீ. வருகிறது. சில நாள் அதைவிடச் சின்னதாகவும் வரும். இந்த நிலைமையில் எதில் காசு போடுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பத்தாம்வளையம்:
தம்பி, 40 மி.மீ. என்று அளந்து சொன்னது நல்லதாகப் போயிற்று. அந்த எண்ணை வைத்தே பேசலாம்.

50 மீட்டர் ரைபிள் இலக்கில் 10 வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின் விட்டம் 5.6 மி.மீ. ஓட்டை கோட்டைத் தொட்டாலே உள்வளையத்தின் மதிப்பெண் கிடைக்கும். அப்படியானால் குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ. தள்ளிப் போனாலும் அது 10தான். ஒரு ரைபிளும் தோட்டாவும் சேர்ந்து மையத்துக்கு மையம் 16 மி.மீ. குரூப் கொடுத்தால், அந்த ஜோடியால் ஒரு புள்ளியும் போகாது.

இப்போது உன் கணக்கு. தோட்டாவின் சிதறலும் கையின் சிதறலும் நேராகக் கூடுவதில்லை. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி, அப்புறம் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கையின் சிதறல் மட்டும் 40 என்று வைத்துக்கொள். 15 மி.மீ. தோட்டாவோடு சேர்ந்தால் மொத்தம் சுமார் 43 வரும். 22 மி.மீ. தோட்டாவோடு சேர்ந்தால் 46. அந்த 3 மி.மீ.க்காகப் பல மடங்கு விலை கொடுப்பது இன்றைக்கு உனக்குத் தேவையில்லை. உன் கை 15 மி.மீ.க்கு வந்த பிறகு அதே இரண்டு தோட்டாவும் 21, 27 என்று பிரியும். அப்போது டெனெக்ஸைப் பற்றிப் பேசலாம்.

இதனால் உன் நண்பர் சொல்வது சரி என்று ஆகிவிடாது. பயிற்சியாளர் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது, அதை விட்டுவிடாதே. ட்ரிக்கர் விழுந்த நொடியில் குண்டு எங்கே போயிருக்கும் என்று தாளைப் பார்க்காமலே சொல்லப் பழகுகிறோமே, படுத்த நிலையில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி அதுதான். "இது வலது பக்கம் 9" என்று நீ சொல்கிறாய், ஸ்கோப்பில் பார்த்தால் வலது 9. அந்தப் பொருத்தம் வந்தால் நீ முன்னேறுகிறாய். தோட்டா தன்னிஷ்டத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஓடினால், சரியாக விட்ட ஷாட்டைத் தப்பு என்று நினைத்து, நன்றாக இருக்கிற பிடியை மாற்றத் தொடங்குவாய். அதனால் சராசரி குரூப் 18 ஆ, 22 ஆ என்பதைவிட, கூட்டத்தை விட்டுத் தனியாக ஓடுகிற தோட்டா எத்தனை என்பதைத்தான் நான் பார்ப்பேன். மலிவு தோட்டாவின் உண்மையான குறை அங்கேதான் இருக்கிறது.

தனியாக ஓடுவதற்கு முக்கியக் காரணம் வேக வித்தியாசம். நொடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் கிளம்புகிற 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) குண்டு 50 மீட்டரைக் கடக்க 0.16 நொடி ஆகும். அதற்குள் 12, 13 செ.மீ. விழுந்துவிடும். ஒரு தோட்டா நொடிக்கு 10 மீட்டர் மெதுவாகக் கிளம்பினால் அது மற்றதைவிடக் கிட்டத்தட்ட 8 மி.மீ. கீழே விழும். நட்ட நடுவில் விழ வேண்டிய ஷாட் 10 வளையத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது, உன் தப்பு எதுவுமே இல்லாமல். குரூப் அகலத்தைவிட உயரம் நீண்டு வந்தால் முதல் சந்தேகம் தோட்டாவின் மேல்தான்.

அப்புறம் ஹை வெலாசிட்டி. வேகமான குண்டு நேராகப் போகும் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. .22இல் நடப்பது வேறு. ஹை வெலாசிட்டி குண்டு நொடிக்கு 375 மீட்டர் அளவில் கிளம்பி, இலக்கை எட்டுவதற்குள் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடும். அந்த எல்லையைத் தாண்டும் இடத்தில்தான் குண்டு குலுங்கும். காற்று தள்ளுவதும் அதைத்தான் அதிகம் தள்ளும். மேட்ச் தோட்டா எல்லாம் ஒலியைவிட மெதுவாகச் செய்யப்படுவது இதனால்தான். உன் ரைபிள் போல்ட் ஆக்‌ஷன் என்பதால் ஆட்டோமேட்டிக்கை இயக்குவதற்கென்று கூடுதல் வேகமும் தேவையில்லை. ஆக, தாளில் சுட ஹை வெலாசிட்டி வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும்.

என் பதில்: நடுத்தர வரிசையில் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, அதாவது ஒலியைவிட மெதுவான சாதாரண வேகத் தோட்டா. எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ், ஈலி கிளப், சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, இந்த மூன்றும் எனக்குத் தெரிந்து இந்த வேலைக்கு ஏற்றவை. எஸ்கே, லாப்புவா இரண்டின் .22 தோட்டாவும் ஜெர்மனியில் ஷோனெபெக் ஆலையில்தான் தயாராகின்றன. அதனால் பிறகு ஒரு படி மேலே போக விரும்பினால் எஸ்கேயிலிருந்து லாப்புவா சென்டர்-எக்ஸுக்கு மாறுவது இயல்பான வழி. ஆனால் மூன்றில் எது என்று என்னைக் கேட்காதே, உன் பேரலைக் கேள்.

காற்றடிகாலம்:
பத்தாம்வளையம் அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி சரி. டப்பாத் தோட்டாவை இவ்வளவு ஒதுக்க வேண்டுமா என்பதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. பிடி, மூச்சு, போல்ட் இழுத்து அடுத்த தோட்டா போடும் தாளம், இதையெல்லாம் பழக வெற்றுத் தாளில் சுடலாம். வளையமே இல்லாத வெள்ளைத் தாளில் மதிப்பெண் பார்க்க முடியாது, அதனால் தனியாக ஓடும் தோட்டா மனசைக் கெடுக்காது. நான் இன்னும் அப்படிச் சுடுகிறேன்.

இன்னொன்று. காசுதான் பிரச்சினை என்றால் 10 மீட்டர் ஏர் ரைபிளை ஏன் யாரும் சொல்லவில்லை? 4.5 மி.மீ. தட்டை மூக்குப் பெல்லட் .22ஐவிட எவ்வளவோ மலிவு. அந்த இலக்கில் 10 என்பது வெறும் 0.5 மி.மீ. புள்ளி. பெல்லட் பேரலை விட்டு வெளியேற அதிக நேரம் எடுப்பதால், ட்ரிக்கருக்குப் பிறகு அசையாமல் இருக்கும் பழக்கத்தை அது கட்டாயமாகக் கற்றுக்கொடுக்கும்.

பத்தாம்வளையம்:
ஏர் ரைபிள் யோசனையை முழு மனதோடு ஏற்கிறேன். வாரத்தில் பாதி நாள் அதில் சுட்டால் .22 செலவு தானாகக் குறையும்.

டப்பா விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை. ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். .22 குண்டு மேலுறை இல்லாத மெத்தென்ற ஈயம். தட்டில் அடுக்காமல் கொட்டி வைத்தால் ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் மூக்கைக் கீறியிருக்கும். சிலவற்றில் மேலே பூசிய மெழுகு ஒரு பக்கம் உரிந்து, அந்த இடத்தில் தூசி ஒட்டியிருக்கும். விரல் நகத்தால் தொட்டாலே தெரியும். பேரலுக்குள் போவது அந்த மெழுகும் அந்த மூக்கும்தான். 50 தோட்டாவைத் தட்டில் நிறுத்தி வரும் பெட்டிக்குக் கொடுக்கிற கூடுதல் விலை அந்த அடுக்குக்காகவே தகும்.

பித்தளைக்கூடு:
யாராவது .223 வைத்திருப்பவர் இதைப் படித்தால் அவருக்காகச் சுருக்கமாக. சென்டர்ஃபயரில் (பிரைமர் கூட்டின் அடி நடுவில் இருக்கும் வகை) மலிவு என்றால் 55 கிரெய்ன் மேலுறைக் குண்டு. 100 மீட்டர் பயிற்சிக்கு அது போதும். பேரலின் முறுக்கைப் பாருங்கள், அதாவது உள்ளே சுழலும் வரிப்பள்ளம் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று முடிக்கிறது என்பதை. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 55 சரி, 77 கிரெய்ன் நிலைக்காது. 7 அங்குலம் என்றால் கனமான குண்டும் போகும். வாங்குவதற்கு முன் குண்டின் மேல் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் மேலுறையிலோ உள்ளேயோ எஃகு இருக்கிறது என்று அர்த்தம், பல ரேஞ்சுகளில் அனுமதிக்க மாட்டார்கள். பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைத்தால் பிரைமரைப் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் பகுதி) பற்றி விசாரியுங்கள். அரிக்கும் வகை என்றால் பேரலில் உப்பு தங்கும். எண்ணெய் மட்டும் போதாது, அன்றைக்கே தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, அதன் பிறகு எண்ணெய். கூட்டைத் திரும்ப நிரப்பிப் பயன்படுத்த முடிவது சென்டர்ஃபயரில்தான், .22க்கு அந்த வழி இல்லை.

கருநீலம்:
எல்லோருக்கும் நன்றி. 43, 46 கணக்கைப் பயிற்சியாளரிடம் காட்டினேன், "சரி, நடுத்தரமாகவே போ" என்றார். சொன்ன மூன்றிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கிவிட்டேன். சோதிப்பது எப்படி? ஒவ்வொன்றிலும் 5 அடித்தால் போதுமா? பெட்டியில் லாட் எண் என்று ஒன்று அச்சடித்திருக்கிறதே, அதையும் பார்க்க வேண்டுமா?

பத்தாம்வளையம்:
5 போதாது. 5 தோட்டாவில் ஒரு சின்ன குரூப் விழுவது பெரும்பாலும் அதிர்ஷ்டம். அடுத்த 5 அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக விழலாம், தோட்டா அதேதான்.

ஒரு பெட்டியில் 50 இருக்கிறது. முதல் 10ஐ அளக்காமல் அடித்துவிடு. ஒவ்வொரு கம்பெனியும் வேறு மெழுகு பூசுகிறது, முந்தையது போய்ப் புதியது பேரலில் படிய அத்தனை தோட்டா வேண்டும். மீதி 40ஐப் பத்துப் பத்தாக நான்கு குரூப் அடி. மேசையில் முன்பக்கம் மணல் பை, பின்பக்கம் மணல் பை, உன் கை முடிந்தவரை குறுக்கே வராதபடி. காற்று அடங்கிய வேளையாகப் பார்த்துக்கொள். வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு அளந்து 5.6ஐக் கழித்தால் மையத்துக்கு மையம் கிடைக்கும்.

நான்கு குரூப்பையும் அளந்த பிறகு மிகச் சிறியதை மறந்துவிடு. மிகப் பெரியதைப் பார். நான்கு தாளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் 40 ஓட்டையும் ஒரே கூட்டமாகத் தெரியும். உருண்டையாக, அடர்த்தியாக இருக்கிறதா, ஓரத்தில் எத்தனை தனியாக நிற்கிறது, அதுதான் உன் பதில். ஒன்று சராசரியில் கொஞ்சம் பெரிதாக இருந்தும் ஓரத்தில் ஒன்றுகூட இல்லையென்றால், நான் அதைத்தான் எடுப்பேன்.

லாட் எண் கட்டாயம் பார்க்க வேண்டும், அது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண். ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டி, ஆனால் வேறு லாட் என்றால் உன் பேரலுக்கு அது வேறு தோட்டா. எதில் திருப்தி வந்ததோ அந்த லாட்டிலேயே கையில் இருக்கிற காசுக்கு வாங்கி வை. 10 பெட்டி சேர்ந்தது 500, அதை ஒரு கட்டாக விற்பார்கள். அதைக் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வை. வெயிலில் நிற்கிற வண்டிக்குள் விடாதே, மெழுகு உருகி வழியும்.

கிளப்பில் சேர்ந்து வாங்கினால் மலிவு என்று சொல்வார்கள். சேரலாம், ஆனால் சேருகிற ஒவ்வொருவரும் தன் ரைபிளில் அந்த லாட்டை அடித்துப் பார்த்த பிறகு. ஒரே மாடல் ரைபிள் இரண்டுகூட ஒரே லாட்டை விரும்பாது.

கருநீலம்:
கடைசியாக ஒன்று. கிளப் தோட்டாவில் சில வெடிக்கவே இல்லை. திருப்பிப் போட்டு அடிக்கலாம் என்கிறார்கள். சரியா?

பத்தாம்வளையம்:
உடனே போல்ட்டைத் திறக்காதே. பேரல் இலக்கைப் பார்த்தபடியே 30 நொடி இரு, தாமதமாக வெடிக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் எடுத்துப் பார். ஃபயரிங் பின் விழுந்த பள்ளம் ரிம்மில் (கூட்டின் அடி விளிம்பில்) நன்றாகத் தெரிந்தால், அந்த இடத்தில் பிரைமர் மருந்து சரியாகப் பரவவில்லை என்று அர்த்தம். ரேஞ்ச் அதிகாரி அனுமதித்தால் பாதிச் சுற்று திருப்பிப் போட்டு ஒரே ஒரு தடவை அடிக்கலாம். பள்ளம் மெலிதாக இருந்தால் தோட்டாவைக் குறை சொல்லாதே, ரைபிளைப் பார்க்கக் கொடு. அப்போதும் வெடிக்காததைக் குப்பையில் போடாமல் ரேஞ்சில் அதற்கென்று இருக்கும் பெட்டியில் போடு.

இதைவிட முக்கியம், வழக்கமான சத்தத்துக்குப் பதில் "புஸ்" என்று அடங்கி வந்தால். அங்கேயே நிறுத்து. குண்டு பேரலுக்குள் மாட்டியிருக்கலாம், அதன் பின்னால் இன்னொன்றை அடித்தால் பேரல் வீங்கிவிடும், ஆளுக்கும் ஆபத்து. போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து உள்ளே பார். வெளிச்சம் அந்தப் பக்கம் வரை தெரிந்தால் மட்டும் அடுத்த தோட்டாவைப் போடு. ஒரு பெட்டியில் இப்படி இரண்டாவது ஒன்று வந்தால் மீதியை அடிக்காமல் லாட் எண்ணோடு கடையில் திருப்பிக் கொடு.