ட்ரவுட் ஆறுகளைச் சட்டத்தில் குறித்துவைத்தால் போதுமா? – மொண்டானா விவாதம்

தூண்டில் முத்து:
அமெரிக்காவின் மொண்டானா மாநிலம் 1969-இல் போட்ட ஒரு சட்டத்தைப் பற்றி இங்கே பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். மேடிசன், கலட்டின், யெல்லோஸ்டோன், பிளாக்ஃபுட், ஸ்மித் உட்பட 12 ட்ரவுட் ஆறுகளுக்காக வந்தது அது. இந்த ஆறுகளில் யாரும் உரிமை கோராமல் மிச்சம் இருந்த தண்ணீரை, மீனுக்காக ஆற்றிலேயே ஓடவிடும் உரிமை மாநில மீன்வள ஆணையத்துக்குக் கிடைத்தது. மசோதா கொண்டுவந்த உறுப்பினரின் பெயரால் இன்றும் அதை மர்ஃபி உரிமை என்கிறார்கள். அதுவரை, தண்ணீரை வாய்க்காலில் திருப்பி எடுத்தவருக்குத்தான் உரிமை. ஆற்றில் ஓடுகிற தண்ணீருக்காகக் கேட்க நாதி இல்லை.

ட்ரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன். வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும், 25-ஐ நெருங்கினால் செத்து மிதக்கும். கூழாங்கற்களுக்குள் முட்டையிடும், கல்லிடுக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் குஞ்சு பொரியும். ஆறு சுருங்கினால் எல்லாம் போச்சு. ஆகவே எந்த ஆறு ட்ரவுட் ஆறு என்று சட்டமே பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும், தண்ணீரையும் ஒதுக்க வேண்டும். மற்ற மாநிலங்களும் இதைச் செய்யவேண்டும் என்பது என் கட்சி.

வாய்க்கால்மேடு:
முத்து அண்ணா, நான் அந்தப் பக்கத்து மாட்டுப் பண்ணைகளுக்குப் போய்வருகிற கால்நடை மருத்துவர். மறுகரையில் இருந்து இது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

அங்கே முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை. 1880-களில் வாய்க்கால் வெட்டிய குடும்பத்தின் உரிமைக்கு அந்தத் தேதி. மர்ஃபி உரிமைக்கோ 1970-ஐ ஒட்டிய தேதி. மழை பொய்த்த ஆகஸ்டில் பழைய தேதிக்காரர்கள் எடுத்த பிறகு மீனுக்கு என்ன மிஞ்சும்? நம் ஊர்க் கடைமடை விவசாயியின் நிலைதான் அந்த மீனுக்கும். தண்ணீர் தராத சட்டம் ஆற்றுக்குப் பெயரை மட்டும் தந்தது. பெயரைக் கேட்டு ஊரெல்லாம் தூண்டிலோடு வருகிறார்கள். வந்தவர் பட்டி வேலிக் கதவைச் சாத்தாமல் போய், கன்றுகள் நெடுஞ்சாலைக்கு வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் அறுப்புக்குக் குதிரைமசால் காய்ந்து நிற்கிற நேரத்தில், ‘மதகை அடைத்தால் என்ன’ என்று அந்த மனிதரிடமே கேட்கிறார்கள். குளிர்காலம் முழுக்க மாடு தின்ன வேண்டியது அந்தத் தீவனம்தான்.

தூண்டில் முத்து:
டாக்டர், வேலிக் கதவைத் திறந்துபோட்டவரை நான் தாங்கிப் பேச மாட்டேன். சட்டமும் தாங்கவில்லை. டியர்பார்ன், பீவர்ஹெட் ஆறுகள் பற்றி 1984-இல் மாநில உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் தந்தது. அதை ஒட்டி 1985-இல் ஆற்று அணுகல் சட்டம் வந்தது. ஆறு வழக்கமாகப் பெருகும்போது தண்ணீர் தொடும் கோட்டுக்குள் எவரும் நடக்கலாம், மீன் பிடிக்கலாம். ஆனால் அங்கே போய்ச் சேர அனுமதியில்லாமல் தனியார் நிலத்தைத் தாண்டக் கூடாது. பொதுப் பாலத்திலிருந்து இறங்கலாம் என்பதை 2009-இல் தனியாகவே எழுதிவைத்தார்கள். பாசன வாய்க்கால்கள் இதற்குள் வராது.

கடைமடை விஷயத்துக்கு வருகிறேன். 1970 தேதி பழைய பண்ணையை ஒன்றும் செய்யாது என்பது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் அந்தத் தேதிக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். வறட்சியில் மாநிலத் துறை அவர்களை நிறுத்தச் சொல்லவும் முடியும். அது இல்லையென்றால் இந்த 50 வருடத்தில் இன்னும் எத்தனை மதகு முளைத்திருக்கும்? பழைய தேதி வேண்டுமா, அதற்கும் வழி பிறந்தது. பிளாக்ஃபுட் ஆறு கலக்கும் இடத்தில் இருந்த மில்டவுன் அணை 2008-இல் உடைக்கப்பட்டது. அதன் மின்சாரத்துக்காக இருந்த 1904-ஆம் வருட உரிமை பிற்பாடு மீனுக்கான உரிமையாக மாற்றப்பட்டது. 1904 என்றால் எத்தனையோ வாய்க்கால்களுக்கு மூத்தது.

குன்னூர்க்காரி:
இரண்டு பேரும் மீன் மீன் என்கிறீர்கள். எந்த மீன்? மேடிசனில் பிடிபடும் பிரவுன் ட்ரவுட் ஐரோப்பாவிலிருந்து வந்தது, ரெயின்போ பசிபிக் கடற்கரைப் பக்கத்தது. அந்த மண்ணின் மீன் கட்த்ரோட், புல் ட்ரவுட், கிரேலிங். ரெயின்போவோடு கலந்து கட்த்ரோட் இனமே பல ஓடைகளில் கரைந்துபோனது. 12 ஆறுகளின் பட்டியலில் பிக் ஹோல் ஆறு இல்லை! அலாஸ்காவை விட்டுவிட்டால், அமெரிக்காவில் ஆற்றிலேயே வாழும் சுதேசி கிரேலிங் கடைசியாக மிஞ்சியிருப்பது அங்கேதான். 1988 வறட்சியில் விஸ்டம் என்ற ஊர் அருகே அந்த ஆறு வறண்டே போனது.

இந்தப் பழக்கம் எனக்குப் புதிதில்லை. எங்கள் நீலகிரிக்கு 1879-இலேயே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது காத்தது வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கிய மீனை. ட்ரவுட் இங்கே சரியாக நிலைத்ததே 1900-க்குப் பிறகுதான், அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்த காலத்தில். மீனுக்கு முன்னால் சட்டம் வந்துவிட்டது. ஓடையில் ஏற்கெனவே இருந்த சின்ன மீன்களை அதில் யாரும் நினைக்கவில்லை. தூண்டில்காரருக்குப் பிடித்த மீனை வைத்து ஆற்றைத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் ஆகும்.

தூண்டில் முத்து:
அக்கா சொல்வது எனக்கும் உறைக்கிறது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1974-இல் மொண்டானா, ட்ரவுட் தானாகப் பெருகும் ஆறுகளில் பண்ணை மீன், அதாவது பொரிப்பகத்தில் வளர்த்த மீன், விடுவதையே நிறுத்தியது. மேடிசனிலும் ஓடெல் ஓடையிலும் துறையின் உயிரியலாளர் டிக் வின்சென்ட் எண்ணிப் பார்த்தார். பண்ணை மீனை விட விட, ஆற்றில் பிறந்த ட்ரவுட் குறைந்தது. விடுவதை நிறுத்தியதும் கூடியது. கடைக்காரர்கள், விடுதிக்காரர்கள் எல்லாரும் எதிர்த்தார்கள். அதன் பிறகு அந்த மாநிலத்தில் ஆற்றைக் காப்பது என்றாலே தண்ணீரையும் கரையையும் காப்பது என்று ஆனது. தண்ணீர் ஓடினால் கட்த்ரோட்டுக்கும் அது நல்லதுதானே.

வாய்க்கால்மேடு:
அக்கா சொன்ன பிக் ஹோலையே எடுத்துக்கொள்வோம். அங்கே கிரேலிங்குக்கு மர்ஃபி உரிமை உதவவில்லை. 2006-இல் பண்ணைக்காரர்களும் அரசும் ஒப்பந்தம் போட்டார்கள். ஆறு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் தங்கள் மதகுகளை இறக்குகிறோம், கரையோரம் வேலி போட்டு மாட்டைத் தடுக்கிறோம் என்று அவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். பதிலுக்கு, நாளைக்கு அந்த மீன் அழிவின் விளிம்புப் பட்டியலில் ஏறினாலும் கூடுதல் கட்டுப்பாடு வராது என்று உறுதி கிடைத்தது. அந்த ஒப்பந்தத்துக்காக யாரும் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை. மனிதரோடு உட்கார்ந்து பேசினால் தண்ணீர் வரும். தலைநகர் ஹெலினாவில் உட்கார்ந்து ஆற்றின் பெயரை எழுதினால் வராது.

பள்ளத்தாக்கு:
குறுக்கே ஒரு கேள்வி. தண்ணீர் சூடானால் மீன் பிடிப்பதையே நிறுத்துவார்கள் என்று கேள்விப்பட்டேனே?

தூண்டில் முத்து:
ஆமாம் தம்பி. தொடர்ந்து மூன்று நாள் தண்ணீர் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அதாவது ஏறக்குறைய 23 செல்சியஸ், மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடத் தடை விதிக்கலாம். அந்தச் சூட்டில் பிடித்த மீன்களைத் திரும்ப விட்டாலும் பல பிழைக்காது. செவுள் படபடவென்று அடிக்கும், கையை எடுத்தால் மல்லாந்துவிடும்.

டாக்டர், ஒப்பந்தம் நல்லது. 1989 முதல் அரசுத் துறையும், 1995 முதல் தனியாரும் பண்ணைக்காரரிடம் தண்ணீரைக் குத்தகைக்கு எடுத்து ஆற்றில் விடலாம் என்று சட்டமே வழி செய்தது. ஆற்றில் ஓடும் தண்ணீரும் ஒரு பயன்பாடுதான் என்று 1969-இல் ஒத்துக்கொண்டிருக்காவிட்டால் அந்தக் குத்தகைக்கு அடிப்படை ஏது?

வாய்க்கால்மேடு:
சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் நீங்கள் இருவரும் ஆழ்துளைக் கிணற்றைத் தொடவே இல்லை. மேடிசனும் கலட்டினும் சேரும் மேல் மிசௌரி வடிநிலத்தில் 1993-லிருந்து பெரும்பாலும் புதிய நீர் உரிமை கிடையாது. அதே இடத்தில், நிமிடத்துக்கு 35 காலன், வருடத்துக்கு 10 ஏக்கர்-அடி வரை எடுக்கும் கிணற்றுக்கு அனுமதியே வேண்டாம். 10 ஏக்கர்-அடி என்றால் 1 கோடியே 23 லட்சம் லிட்டர். போஸ்மன் நகரைச் சுற்றி வயல்கள் மனைகளாகின்றன, மனைக்கு மனை கிணறு. நிலத்தடி நீரை எடுத்தால் ஆற்றுக்கு ஊறிவரும் குளிர்ந்த நீர் குறையும். ட்ரவுட் கோடையில் ஒதுங்குவதே அந்த ஊற்றுகளில்தானே? நாலு தலைமுறையாக வாய்க்கால் வைத்திருப்பவரை மட்டும் கேள்வி கேட்டுவிட்டு, புல்தரைக்குத் தண்ணீர் விடுகிற புது வீட்டுக்காரரை விட்டுவிடுவது என்ன நியாயம்?

குன்னூர்க்காரி:
இதில் நான் டாக்டர் பக்கம். ஆனால் கிணற்றைக் கட்டுப்படுத்தவும் சட்டம்தான் வேண்டும் டாக்டர், ஒவ்வொரு மனைக்காரரோடும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட முடியாது.

வாய்க்கால்மேடு:
அந்தச் சட்டம் முதலில் வரட்டும் அக்கா, பண்ணைக்காரர்களை நானே கூட்டிவருகிறேன். அதற்கு முன்னால் மதகை இறக்கு என்று கேட்டால் என் பதில் இல்லை என்பதுதான்.

தூண்டில் முத்து:
கிணற்றுச் சட்டத்துக்கு இன்னும் எத்தனை கூட்டத்தொடர் ஆகுமோ, அங்கே சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கூடுகிறது. அதுவரை ஆகஸ்ட் காத்திருக்காது டாக்டர். உங்களுக்குத் தெரிந்த பண்ணைகளில், இரண்டாம் அறுப்புத் தண்ணீரை மட்டும் குத்தகைக்கு விடச் சம்மதிப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பணம் திரட்டும் வேலையை எங்கள் தூண்டில்காரர்கள் பார்த்துக்கொள்கிறோம்.