சேர்க்கிள் செக்: தமிழில் என்ன சொல்வது? (வெள்ளிக்குள் வேண்டும்)

வகுப்பாசிரியை, ஸ்காபரோ – செவ்வாய் இரவு

குழுவினருக்கு வணக்கம். ட்ரக் ஓட்ட உரிமம் எடுக்கிற நம் ஆட்களுக்குச் சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்துகிறோம். இரண்டு பக்கக் கையேடு வெள்ளி இரவு அச்சுக்குப் போகவேண்டும். நான் தலைப்பிலேயே நின்றுவிட்டேன்.

கனடாவில், இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில், 4,500 கிலோவுக்கு மேற்பட்ட வணிக லொறியை எடுக்குமுன் பார்க்கவேண்டியவற்றை, 2007ஆம் ஆண்டின் 199ஆம் இலக்க ஒழுங்குவிதி 23 தலைப்புகளாகத் தருகிறது. காற்றுப் பிரேக்கில் தொடங்கி வைப்பரில் முடியும். சட்டத்தில் அது 'டெய்லி இன்ஸ்பெக்ஷன்'. ட்ரக்கைச் சுற்றிவந்து பார்ப்பதால் சாரதிகள் வாயில் 'சேர்க்கிள் செக்'. தேர்வு அதிகாரியிடம் ஆங்கிலத்தில்தான் சொல்லப்போகிறார்கள், ஆனால் சொல்வது என்னவென்று முதலில் தமிழில் விளங்கவேண்டாமா?

போன தடவை 'ஃபிஃப்த் வீல்' என்பதை 'ஐந்தாம் சக்கரம்' என்று எழுதிவிட்டேன். இழுவையைப் பூட்டுகிற தட்டு அது. ஒரு தம்பி ட்ரக்கைச் சுற்றிச் சுற்றி ரயர் எண்ணிக்கொண்டு நின்றார். இந்தமுறை அப்படி நடக்கக்கூடாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

அம்மா, கவலை வேண்டா. சொல் கையிலேயே இருக்கிறது: வலநோட்டம்.

வாகனத்தை வலம்வந்து பார்ப்பதால் வலம். இன்னொரு நயமும் உண்டு. தேரோட்டிக்குச் சங்க காலத்துப் பெயர் வலவன். 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று புறநானூறு 27இல் வருவதை இக்குழுவில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆகவே வலமாய்ப் பார்ப்பது, வலவன் பார்ப்பது என இரண்டும் ஒரே சொல்லில் அடங்கும். நோட்டமோ காசைச் சோதித்து நல்லது, கள்ளது பிரிக்கும் தொழிலின் சொல். அது செய்தவன் நோட்டக்காரன். அவனையே பழந்தமிழ் வண்ணக்கன் என்றது. வடம வண்ணக்கன், புதுக்கயத்து வண்ணக்கன் என்று புலவர் பெயர்களிலும் அத்தொழில் ஒட்டியிருக்கிறது. இதில் வடம என்பது ஊரா, மரபா என்பது தனி ஆராய்ச்சி...

(மீதி நான்கு பத்திகளை அடுத்த மடலில் அனுப்புகிறேன்.)

மொழிபெயர்ப்பாளர், சென்னை

ஐயா, அந்த நான்கு பத்திகளையும் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் நோட்டம் விடுகிறவன் திருடன். விடியற்காலை இருட்டில் டார்ச்சோடு லாரியைச் சுற்றி ஒருவன் 'நோட்டம்' பார்த்தால் போலீஸுக்குத்தான் போன் போகும். பயணமுன் ஆய்வு போதும். எல்லோருக்கும் புரியும்.

ட்ரக்காரன், பிரம்ரன்

நான் பதினாறு வருசமா ஓடுறன், அந்த உரிமையில ஒண்டு சொல்லட்டா. 'பயணமுன்' பிழை. செக் 24 மணித்தியாலத்துக்குச் செல்லும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு டெலிவரி. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் 23 சாமானையும் பாத்தா சாமான் இறக்கிறது எப்ப? வேற ஆள் செய்த றிப்போட்டும் நேரம் முடியேல்லை எண்டால் அதை வைச்சுக்கொண்டு ஓடலாம். ஆனா வழியில ஏதும் பழுது கண்டால் அதிலயே எழுதவேணும். அதால இது பயணத்துக்குச் சொந்தமான சொல் இல்லை, நாளுக்குச் சொந்தமானது.

மாஸ்ரர் சொன்ன வலத்திலயும் ஒரு சிக்கல். இங்க சாரதிக் கதவு இடப்பக்கம். அதில தொடங்கி முன்பக்கத்தால சுத்தினா ட்ரக் எங்கட வலக்கைப் பக்கம் வரும். கோயில் வலமேதான். அதே பழக்கத்தில ஊரில, சாரதி வலப்பக்கம் இருக்கிற லொறியில, கதவால இறங்கி முன்பக்கத்தால சுத்தினா இடம் எல்லோ வரும்?

தனித்தமிழ் அன்பர், கோவை

'இடநோட்டம்' என்று அங்கே அச்சிடலாம்!

விளையாட்டு போகட்டும். 'சாரதி' வடசொல். மதுரை ஐயா வலவனைத் தந்தும் யாரும் தொடவில்லை. 'சோதனை' யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன், அதுவும் வடசொல்லே. ஆய்வுதான் தமிழ்.

வகுப்பாசிரியை, ஸ்காபரோ

இலங்கையில் உரிமத்தின் பெயரே சாரதி அனுமதிப்பத்திரம், ஐயா. அதைப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர்களிடம் போய் நீங்கள் வலவர்கள் என்றால் கொடுப்புக்குள் சிரிப்பார்கள்.

இன்னொன்று. மாணவரில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். வலம் என்றால் கோயில்தான் நினைவுக்கு வரும் என்று ஒருவர் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

வலம் கோயிலுக்கு முந்தியது. ஞாயிறு வலமாய் எழுவதை முருகாற்றுப்படை முதலடியிலேயே பாடுகிறது.

சரி, வலம் வேண்டாமென்றால் ஔவையிடம் போவோம். புறம் 102: உப்பு வணிகர் வண்டியில் பண்டம் பெரிது. எருதுகளோ இளையவை, நுகம் அறியாதவை. பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, யார் கண்டார் என்று கீழ்மரத்தில் ஓர் அச்சைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதுதான் சேமஅச்சு. சரக்கு வண்டியின் முன்னெச்சரிக்கைக்குத் தமிழில் இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரியாது. சேமநோட்டம் என்று வைப்போம்.

தனித்தமிழ் அன்பர், கோவை

சேமம் 'க்ஷேம'த்திலிருந்து வந்தது. ஏமம் என்று கொண்டால் ஒப்புவேன்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

ஔவையாருக்கே தமிழ் போதவில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. நாமெல்லாம் எம்மாத்திரம்! ஏமநோட்டம் என்றால் ஏமாந்தவன் பார்த்தது என்றுதான் காதில் விழும்.

நான் என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். பிரம்ரன் அண்ணன் சொன்னது நியாயம். சுற்றுச்சோதனை என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் சாரதிகள் சொல்வதும் அதுதான்.

இலக்கணம் பார்க்கிறவர், சிங்கப்பூர்

ஒரு சிறு கேள்வி. சுற்றிய, சுற்றுகின்ற, சுற்றும் சோதனை என்று விரித்தால் வினைத்தொகை. அங்கே வலி மிகாது: சுடுகாடு, ஊறுகாய்போலச் சுற்றுசோதனை என்றே வரவேண்டும். சுற்று என்பதைப் பெயராகக் கொண்டால் மட்டுமே வன்றொடர்க் குற்றியலுகரத்தின்பின் ச் மிகும். சுற்றுவது சாரதியா, சோதனையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ட்ரக்காரன், பிரம்ரன்

அண்ணை, சுத்துறது நான்தான். மைனஸ் இருபதில சுத்திப் பாருங்கோ, சந்தேகம் தீரும்.

தலைப்புக்கு நீங்கள் எதை வைச்சாலும் வையுங்கோ. டீச்சரிட்ட ஒண்டு கேக்கிறன்: அந்த ரெண்டு பக்கத்தில 'மைனர் டிஃபெக்ட்', 'மேஜர் டிஃபெக்ட்' எண்டதுக்கு என்ன போட்டிருக்கிறியள்? அதுதான் உயிர். காத்துப் பிரேக்கில காதுக்குக் கேக்கிற அளவு கசிவு மைனர், எழுதிக் குடுத்துப்போட்டு ஓடலாம். டீசல் சொட்டுச் சொட்டா விழுந்தா மேஜர். ட்ரக் அசையக்கூடாது. வீல் நட்டைச் சுத்தித் துருக் கோடு வழிஞ்சிருந்தா நட்டு இளகியிருக்கலாம், எட்டிப் பாத்துப்போட்டுப் போகாமல் கையை வைச்சுப் பாக்கவேணும்.

நான் முதல் வேலை செய்த இடத்தில (பேர் வேண்டாம்) ரயர் பக்கம் வெடிச்சுத் துணி தெரியுது எண்டு சொன்னன். "ஒரு டெலிவரிதானே, போயிட்டு வா" எண்டார் டிஸ்பாச்சில, ட்ரக்குகளை அனுப்பிவிடுற இடத்தில, இருந்தவர். நான் புதுசு. ஓடினன். ஒண்டும் நடக்கேல்லை, ஆனா அண்டைக்கு அந்த ஹைவேயில எனக்குப் பக்கத்தில ஓடின கார்காரர் ஒருத்தருக்கும் அது தெரியாது.

வகுப்பாசிரியை, ஸ்காபரோ

'சிறு குறை, பெரும் குறை' என்று எழுதியிருந்தேன். இப்போது பார்த்தால் குறை மெலிந்துபோய் நிற்கிறது. மாற்றுகிறேன்.

ரயர் கதைக்குத் தொடர்பாக ஒன்று. 1990களில் இங்கே லொறிச் சக்கரம் கழன்று ஓடி ஆட்கள் இறந்தபின், 1997இல் சட்டம் இறுகியது. சக்கரம் கழன்றால் 2,000 முதல் 50,000 டாலர் வரை தண்டம். "கவனமாகத்தான் இருந்தோம்" என்ற வாதத்துக்கே இடமில்லை. தண்டம் உரிமையாளருக்கும், லொறியின் ஓட்டத்துக்குப் பொறுப்பான 'ஒப்பரேட்டரு'க்கும். அதற்கு 'நடத்துநர்' என்று எழுதி, பிறகு தமிழ்நாட்டுக்காரர் பஸ் கண்டக்டரைத் தேடுவார்களே என்று அழித்தேன்.

தனித்தமிழ் அன்பர், கோவை

பழுது நல்ல தமிழ். சிறுபழுது, பெரும்பழுது. இதிலாவது நாம் ஒன்றுபட்டோம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

ஒன்றுபட்டோம். பெரும்பழுது கண்டால் என்ன செய்வதென்பதற்கும் ஒரு வரி வேண்டும். 'சாவியை வைத்துவிட்டு இறங்குக' என்று எழுதுங்கள். அதற்கு மேற்கோள் தேட மாட்டேன்.

வகுப்பாசிரியை, ஸ்காபரோ – வெள்ளி மாலை

வாக்களித்தவர் ஒன்பது பேர். சுற்றுச்சோதனை ஐந்து, வலநோட்டம் இரண்டு, நாளாய்வு ஒன்று, "எதுவானாலும் சரி, உறங்க விடுங்கள்" ஒன்று. அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

வகுப்பாசிரியை, ஸ்காபரோ – ஞாயிறு

நேற்றுப் பதினான்கு பேர் வந்தார்கள். அச்சகத்தில் ச் விழுந்துவிட்டது. தலைப்பு 'சுற்றுசோதனை' என்று பெரிய எழுத்தில் நிற்கிறது. சிங்கப்பூர் நண்பருக்கு வாழ்த்துகள்.

தலைப்பை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் பெரும்பழுது பற்றியே கதைத்தோம். டிஸ்பாச் போனில் ஏசினால் எப்படிப் பதில் சொல்வது, எந்த ஆங்கிலச் சொற்களில் சொல்வது என்று ஒத்திகை பார்த்தோம். பிரம்ரன் அண்ணைதான் டிஸ்பாச்சராக நடித்தார், நன்றாக ஏசினார்.

அடுத்த வாரம் காற்றுப் பிரேக். 'ஸ்லாக் அட்ஜஸ்டர்': பிரேக் லைனிங் தேயத் தேய நீளுகிற தண்டின் ஓட்டத்தைச் சரிக்கட்டுகிற கை. யாராவது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

தொய்வுதிருத்தி.

வாக்கெடுப்பை மதிக்கிறேன், என் குறிப்பேட்டில் வலநோட்டம் என்றே இருக்கும். வடம வண்ணக்கன் பற்றிய நான்கு பத்திகள் இணைப்பில்.